தோம்பில் இல்லாதவள்

கொட்டியாரத்து உடையார் வீட்டில்
எருமை எட்டு, பத்தாயம் மூன்று,
ஆள் பதினொன்று.
பதினோராவது நான்.

அடிமைகளைக் கச்சேரியில் பதியச் சொல்லி
பறையறைந்து போன மாதம்
உடையாருக்கு முறைக்காய்ச்சல்.
கணக்கப்பிள்ளைதான் தோணியேறிப் போனான்.
பத்துப் பேர் சொல்லிவிட்டு
வெற்றிலை துப்ப எழுந்தானாம்.
வந்து, 'முடிஞ்சுதோ?' என்றானாம்.
'முடிஞ்சுது' என்றாராம் எழுதியவர்.

இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது.
நான் ஓடியது வேறு காரணத்துக்கு.
தோளில் வைத்த அகப்பை
அடுப்புக்குத் திரும்பியபோதும் சிவந்திருந்தது;
அவ்வளவுதான்.

மாவலி கடலில் விழும் இடத்தில்
கண்டல் வேரைப் பிடித்தபடி
இரண்டு இரவு நின்றேன்.
முதலைக்கும் உடையாருக்கும் நடுவில்
ஒருத்தி நிற்க எவ்வளவு இடம் வேண்டும்?
ஒரு வேர் போதும்.

விறகுத் தோணிக்காரன் கூலி கேட்காமல் ஏற்றினான்.
பிறகு கேட்டான். அது வேறு கதை.

விடியும்போது சுவாமிமலை.
இடித்த கோயிலின் கல்லில் எழுந்த கோட்டை,
மதிலில் கொட்டாவி விடும் சிப்பாய்,
பாறை நுனியிலிருந்து
கடலுக்குப் பூவும் தேங்காயும் எறிகிற சனம்.
எறிய என்னிடம் இருந்தது
இடுப்பில் மறந்து வந்த பத்தாயத்துச் சாவி.
எறிந்தேன்.
அங்கே பூட்டை உடைத்துத்தான்
அன்றைய நெல்லை அளந்திருப்பார்கள்.

நிலாவெளி உப்பளத்தில் ஆறு மாதம்.
ஏழாம் மாதம் பிடித்துவந்து
கச்சேரி வாசலில் நிறுத்தினார்கள்.
கிறகோரி ஐயா தோம்பைப் புரட்டினார்.
ஒருதரம். இன்னொருதரம்.
விரலை நனைத்து மூன்றாம்தரம்.
'உன்ர பேர் இதில இல்லையே, நன்னி.'
இல்லையெண்டால்?
'இல்லையெண்டால் நீ ஆருடைய ஆளும் இல்லை.'

இல்லாத சோறு, இல்லாத சீலை,
இல்லாத தகப்பன்.
'இல்லை' என்ற சொல்
எனக்கு ஏதும் தந்தது அன்றுதான்.

அதன்பின் அதுவே என் வேலை.
தம்பலகாமத்துச் சூடடிக் களத்தில்,
மூதூர்த் துறையில், கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில்
காதோடு காதாய்ச் சொன்னேன்:
'தோம்பைக் காட்டு' என்று கேள்.
கை நடுங்கினாலும் கேள்.
எழுத்து அறியேன்;
பேர்களின் உருவம் அறிவேன்.
கொம்பு உள்ளது, சுழி உள்ளது,
வால் நீண்டு அடுத்த வரியைத் தொடுவது.
விட்டுப்போன பேர்களாய்ப் பொறுக்கிப் பொறுக்கி
பத்தொன்பது பேரை வெளியே எடுத்தேன்.

ஒருநாள் கொட்டியாரத்துப் பக்கத்தில்
ஏழாவது வரி:
பூதன். என் தம்பி.
எழுத்துக்கூட வடிவாய் இருந்தது.
கிறகோரி ஐயா என் முகத்தைப் பார்க்கவில்லை.
'எல்லாம் சரியாய்த்தான் இருக்குது, நன்னி.'

சரியாய்த்தான் இருந்தது.
அதுவரை அந்தப் புத்தகத்தின் பிழைகளைத்
தின்று வாழ்ந்திருக்கிறேன்.
பிழையில்லாத வரி ஒன்று
தொண்டையில் முள்ளாய் நின்றபோதுதான்
புத்தகத்தையே பார்த்தேன்.

அன்றிரவு தோணி வலித்தது நான்.
அதே கண்டல், அதே வேர்.
கூலி கேட்கவில்லை; பிறகும் கேட்கவில்லை.

மனுவில் இப்படி எழுதச் சொன்னேன்:
'எங்கள் பேரை வெட்டுங்கள் என்று கேட்கவில்லை.
தோம்பை மூடுங்கள்.'
கிறகோரி ஐயாவின் இறகு சற்று நின்றது.
பிறகு எழுதியது.
கீழே நாற்பத்திரண்டு புள்ளடி,
ஈர மணலில் கொக்குகள் நடந்ததுபோல.
கால் பதிந்த இடத்தில்
கொக்கைத் தேடுகிறவன் தேடட்டும்.

கப்பல் போய் இரண்டு சோழகம் ஆகிறது.
பதில் இல்லை.
துறையில் இந்த மாதமும் ஆறு பேரை இறக்கினோம்.

யாராவது செருமினால் போதும்,
பூதன் உண்ட கையோடு எழுந்து நிற்கிறான்.
வேட்டி நுனியைப் பிடித்து இழுக்கிறேன்.
இரடா.
இரு.
சோறு ஆறுது.