செல்லாது

ஏணியின் நாலாம் படியில் நின்று
லாம்புக் கம்பத்தில்
சுண்டுவிரல் அளவு குழாயொன்றைக் கட்டுகிறேன்.
கீழே பிடித்திருப்பவள் லெதெபிரான், எரித்திரியாக்காரி.
அவளுக்கு உயரம் பயம்,
எனக்கு ஜெர்மன் எழுதப் பயம்.
அதனால் குறிப்பு அவளுடையது:
கம்பம் ஏழு. திங்கள். காலை ஆறு பத்து.

பீல் நகரத்துக் காற்று நல்ல காற்றென்று
வருடாவருடம் அறிக்கை வரும்.
அவர்களுடைய கருவி ஏரிக்கரையில்,
வாத்துகளுக்குப் பக்கத்தில்.
எங்கள் தெருவில் லொறி டிப்போ.
யன்னல் விளிம்பைத் துடைத்த துணியை
முதல் கூட்டத்தில் மேசையில் விரித்தேன்.
ஒருவரும் தொடவில்லை.
ஸ்பின்டன் மனுசி மட்டும்
கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து
மணந்து பார்த்தா.

குழாய்கள் பதினாறு.
மூன்றுக்குக் கோயில் காசு தந்தது.
ரசீதில் என்ன எழுதுவதென்று
பொருளாளர் அரை மணிநேரம் யோசித்து
'காற்று' என்று எழுதினார்.

பிறகு கையெழுத்து.
ரயில் நிலையப் பின்வாசல், மார்ச் மாதம்,
பேனை விறைத்து எழுத மறுக்கும்.
"மூடச் சொல்லவில்லை ஐயா,
இரவில் எங்கள் தெருவால் வரவேண்டாம் என்கிறோம்."
இந்த ஒரு வசனத்தை
இரண்டு மொழியிலும் பாடமாக்கினேன்.
என் பலகையில் மட்டும் நானூற்றிப் பன்னிரண்டு பேர்.

படிவத்தின் அடியில் பொடி எழுத்து:
வாக்குரிமை உள்ளோர் மட்டும்.
தெரிந்துதான் போட்டேன்,
கடைசித் தாளின் கடைசி வரியில்.
தாள் திரும்பி வந்தபோது
மற்றவர்களுக்கு நேரே பச்சைச் சரி.
எனக்குக் குறுக்கே சிவப்புக் கோடு.
செல்லாது.

பதினேழு வருடமாய்
இந்த ஊர் ஆஸ்பத்திரியின் விரிப்புகளை வெளுக்கிறேன்.
என் வரிப்பணம் செல்லும்.
இரவு மூன்று மணிக்கு லொறி செல்லும்.
அது விட்டது
மகன் நிவேதனின் நெஞ்சுக்குள் செல்லும்,
அவன் எழும்பி இருந்து
இன்ஹேலரைக் குலுக்கும் சத்தம்
சுவரைத் தாண்டிச் செல்லும்.

கோபமில்லை என்றால் பொய்.
ஸ்பின்டன் மனுசி மன்னிப்புக் கேட்டா.
அவ என்ன செய்தா, பாவம்.
அடுத்த தாளை எடுத்து
ஆறாவது மாடியிலிருந்து தொடங்கினோம்.

இன்று குழாய் மாற்றும் நாள்.
மூடியைத் திருகுகிறேன்.
உள்ளே இரண்டு கிழமைக் காற்று,
பார்வைக்கு ஒன்றுமேயில்லை.
ஒட்டுத்தாளில் ஒரு கட்டம்: எடுத்தவர் பெயர்.
முழுதாய் எழுது என்கிறேன்.
லெதெபிரான் ஒவ்வொரு எழுத்தாய்க் கேட்கிறாள்.
சுப்பிரமணியம் நாகபூசணி.
கட்டம் போதவில்லை.
குழாயைச் சுற்றிப் போகிறது பெயர்.