காலி எடை

ஊத்துக்கோட்டை தாண்டி, சத்தியவேடு சாலையில்
ரெட்டியார் எடைமேடை. இரவுப் பணி எனக்கு.
நாற்காலியைச் சுவரோரம் இழுத்தால் தமிழ்நாடு.
சன்னல் பக்கம் தள்ளினால்
ஆந்திரம் தங்களை வரவேற்கிறது என்று
போனில் குறுஞ்செய்தி.
ஒரே இரவில் ஏழு முறை வரவேற்கப்பட்டிருக்கிறேன்.
யாரும் டீ தந்ததில்லை.

ஒரு ஜல்லி லாரிக்கும் அடுத்ததற்கும் நடுவே
நாற்பது நிமிடம் சும்மா கிடக்கும்.
அதில்தான் ஆடப் பழகினேன்.
நான்கு பேர் அணி. விமானத்திலிருந்து குதி,
கிடைத்ததை எடு, கடைசிவரை சாகாதே.

சாகாதிருக்க நான் கண்ட வழி, சேர்ப்பது.
வீடு வீடாய் நுழைந்து
கட்டுத்துணி, மருந்துப்பெட்டி,
என்னிடம் இல்லாத துப்பாக்கிக்கான தோட்டாவரை
பை பிதுங்கப் பிதுங்க.
பக்கத்தில் அணிக்காரன் ஒருவன் தவழ்ந்துகொண்டிருப்பான்.
எனக்கு வேண்டியிருக்குமே என்று
திரும்பிக்கொள்வேன்.

ஒரு நாள் எங்கிருந்தோ ஒற்றைக் குண்டு.
செத்தவர் பொருளெல்லாம் அங்கேயே ஒரு பெட்டியாகிவிடும்.
என்னைச் சுட்டவன் என் பெட்டியைத் திறப்பதை
நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பதினோரு கட்டுத்துணி. ஒன்றும் பிரிக்காதது.
அவனுக்கே இடம் போதவில்லை.
ஆறை விட்டுவிட்டுப் போனான்.

சிம்மாத்ரி அதற்குப் பிறகு வந்தவன்.
வயது தெரியாது. குரல் இப்போதுதான் உடைந்திருக்கிறது.
அவன் பேசும்போதெல்லாம் பின்னால்
ஒரு குழந்தை இருமும்.
"தீஸ்கோ அக்கா" என்பான்.
குனிந்தால் காலடியில் மருந்துப்பெட்டி.
உனக்கு என்று கேட்டால்
"உந்தி, உந்தி" என்று ஓடிவிடுவான்.
இருக்கிறதாம்.

நானும் கொடுத்துப் பார்த்தேன்.
முதல் முறை, அவன் துப்பாக்கிக்குச் சேராத தோட்டா நூறு.
சிரிக்காமல் எடுத்துக்கொண்டான்.
என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டுக் கொடுக்க
எனக்கு இன்னும் ஒரு மாதம் பிடித்தது.

போன ஐப்பசி மழையில், ஆட்டம் பாதியில்,
கதவைக் காலால் தட்டினான் ஒரு கிளீனர் பையன்.
பின்கதவுக் கொக்கியில் உள்ளங்கை கிழிந்து ரத்தம்.
கோட்டய்யா. வெங்கடகிரிப் பக்கம்.
சுவரில் முதலுதவிப் பெட்டி இருக்கிறது,
நான்கு வருடமாய் சீல் உடையாமல்.
அதிகாரி வந்தால் காட்டத்தான், தொடாதே
என்பது ரெட்டியார் உத்தரவு.

போனைக் கவிழ்த்துவைத்தேன்.
என் ஆள் நடுத்தெருவில் நின்றது நின்றபடி.
சீலை உடைத்தேன்.
களிம்பு கல்லாகியிருந்தது.
பிளாஸ்திரியில் பசை செத்திருந்தது.
அடியில் ஒரு சுருள் துணி மட்டும் தேறியது.
குடிக்க வைத்திருந்த தண்ணீரில் கழுவிக் கட்டினேன்.
டிரைவர் எடைக்கூலியோடு
ஐம்பது அதிகமாய் நீட்டினார்.
மறுத்தேன் என்று எழுத ஆசைதான்.
வாங்கிக்கொண்டேன். புதுக் களிம்புக்கு ஆகும்.

பன்னிரண்டு நிமிடம். செத்திருப்பேன் என்றுதான்
போனைத் திருப்பினேன்.
நின்றுகொண்டிருந்தேன்.
எனக்குக் குறுக்கே ஒரு ஜீப்பை நிறுத்தியிருக்கிறான்.
அது எரிந்துகொண்டிருந்தது.
காலடியில் இரண்டு கட்டுத்துணி.
இரண்டடி தள்ளி
சிம்மாத்ரியின் பெட்டி.

திறந்தேன்.
உந்தி, உந்தி என்றவன் பெட்டி.
ஒன்றுமே இல்லை.

மைக்கை அணைக்க மறந்திருக்கிறேன்.
செத்துப்போனவன் கேட்டான்:
"ஆ பில்லாடி செய்யி எலா உந்தி அக்கா?"
அந்தப் பையன் கை எப்படி இருக்கிறது.
பரவாயில்லை என்றேன். ரத்தம் நின்றது என்றேன்.
குழந்தை இருமியது.
அதற்கு மருந்து கொடுத்தாயா என்று
இத்தனை நாளில் முதல் முறையாகக் கேட்டேன்.

மேடை அதிர்ந்தது. அடுத்த லாரி,
குவாரிக்குப் போகிற வெறும் வண்டி.
எப்போதும் காலி எடையைத்தான் முதலில் குறிப்போம்.
அது தெரியாமல்
சுமந்தது எவ்வளவு என்று
யாராலும் சொல்ல முடியாது.