பிரிக்காத உறைகள்

செங்கா பதினொரு கடிதங்களை
ரொட்டி டப்பாவோடு தூக்கி வந்தாள்.
ஒன்றும் பிரிக்கவில்லை.

கிளாஸ்கோவில் மழை.
சலவைக்கடைக்கு மேலே அலுவலகம்,
தரையெல்லாம் இயந்திர நடுக்கம்.
கட்டணம் எவ்வளவு என்றாள்,
மூன்றாம் முறையாக.
"கிடையாது" என்றான் ஃபெர்கல்,
வெண்ணெய்க் கத்தியால் உறைகளைக் கீறியபடி.

ஏழாவதில் நின்றான்.
வீட்டைக் காலிசெய்யச் சொல்லும் தாள்.
நாட்களை விரல்விட்டு எண்ணினான்,
ஈரம் காயாத விரல்களால்
அவளையும் எண்ணவைத்தான்.
இரண்டு நாள் குறைகிறது.
"இது செல்லாது."

அந்தச் சொல்லை
இத்தனை வருடம்
தன்மேல் எறிந்துதான் கேட்டிருக்கிறாள்.

கத்தியை அவளிடம் நீட்டினான்.
மிச்சம் நாலையும் அவளே கிழித்தாள்,
கோணல்மாணலாக.

வாடகை பாக்கி அப்படியே இருக்கிறது.
வியாழக்கிழமை வாய்தா.
அன்றிரவு ரொட்டி டப்பாவில்
ரொட்டி.