பழமைவாதி

காங்கயம் ரோட்டுல அறுபது டன் எடைமேடை நம்முது.
கண்ணாடிக் கூண்டு, ஒரு ஃபேன், ஒரு டிவி,
ரசீது அடிக்கற மெஷின் ஒண்ணு.
மை தீந்தா வெறுந்தாளக் கக்குமே தவிர
பொய் அடிக்காது.

பாலத்துக்கு அடிக்கல் நாட்டியாச்சுன்னு
காத்தால டிவியில காட்டுனாங்க.
ரொம்பச் சந்தோசமுங்க.
இது மூணாவது கல்லு.
இன்னும் பத்துப் பன்னெண்டு நட்டுப்போட்டாங்கன்னா
பாலமே வேண்டாம்,
கல்லு கல்லா மிதிச்சே நொய்யலத் தாண்டிப்போடலாம்.
ஓடறது தண்ணியான்னு மட்டும் கேக்காதீங்க.
திங்கக்கிழமை பச்சை, வெசாலக்கிழமை ஊதா.
நிறம் மாறறதுக்குக் காசு வாங்காதது
எனக்குத் தெரிஞ்சு அந்த ஆறு ஒண்ணுதான்.

எலக்சன் வந்தாப் பறக்கும் படை வருமுங்க.
பறக்காது. நம்ம வேப்பமரத்தடியில நிக்கும்.
போன தடவை மாட்டுச் சந்தைக்குப் போன வேலப்பன
எறக்கி, மடியப் பிரிச்சு
எழுவத்தஞ்சாயிரத்த எடுத்துட்டாங்க.
'காளைக்கு ரசீது எங்கே?'
'காளைய இன்னும் வாங்கவே இல்லீங்களே சார்.'
வாங்காத காளைக்கு ரசீது இல்லாதது
எத்தனை பெரிய குத்தம் பாருங்க.
அதே நேரத்துல மேடையில ஒரு டெம்போ ஏறுச்சு.
உள்ள நோட்டீசுன்னான் டிரைவர்.
நோட்டீசு இத்தனை கனக்குமான்னு நான் கேக்கலை.
நாப்பது ரூவா வாங்குனேன், ரசீது குடுத்தேன்.
நம்ம தொழில் எடை போடறது,
தார்ப்பாயத் தூக்கிப் பாக்கறதில்லீங்க.

ஓசியில வர்றது ஓசியில போகாது,
கரண்ட் பில்லுல திரும்பி வரும்னு
மேடை ஏறற லாரிக்காரங்க அத்தனை பேருக்கும் சொல்லுவேன்.
அவங்களும் தலையாட்டுவாங்க, சில்லறை வாங்கற வரைக்கும்.

ஐப்பசியில ஒரு நாள்
கருமத்தம்பட்டிப் பக்கமிருந்து ஒரு லாரி.
பதினாறு தறி, பழைய இரும்புக்குப் போகுது.
பாவு நூலு கொஞ்சம் ஒண்ணுல அப்படியே தொங்கிட்டிருந்துச்சு.
தறிக்காரர் கூடவே வந்து லாரிக்குக் கீழ நின்னாரு,
யாரோ ஒறம்பரைய பஸ் ஏத்திவிட வந்த மாதிரி.
டிவியில ஒரு கோட்டுக்காரர்
வளர்ச்சி எட்டுப் புள்ளி சொச்சம்ங்கறாரு.
மேடையில பதினோராயிரத்து எண்ணூத்தி நாப்பது கிலோ.
அந்த ரசீதுக்கு மட்டும் நான் காசு வாங்கலை.
அதுவும் இலவசந்தான், ஒத்துக்கறேன்.

ராத்திரி ஒம்பது மணிக்கு விவாதம்.
நாலு ஜன்னல்ல நாலு பேரு,
ஒருத்தர் வாய ஒருத்தர் மூடச் சொல்லி ஒரு மணி நேரம்.
கடைசில பேசுனது சிமெண்ட் கம்பெனி.
அதாவது உறுதியாப் பேசுச்சு.

தங்கச்சி மகன் ஹரிணேஷ் கனடாவிலிருந்து
போன்ல சிரிக்கறான்:
'மாமா, நீங்க சுத்தப் பழமைவாதி.'
கோவம் வரலைங்க. ரோசனை பண்ணிப் பாத்தேன்.
நம்ம பக்கம் பழமைன்னா பேச்சு.
'சித்தெ உக்காருங்க, பழமை பேசிட்டுப் போலாம்'னு
நாமளே சொல்றதுதானே.
வாதின்னா கேஸ் போட்டவன்.
அப்படீன்னா நான்
பேச்சு மேல கேஸ் போட்டவன்.
சரியாத்தான் சொல்லீருக்கான் பையன்.
கேஸ் நடக்குது, வாய்தா மேல வாய்தா.
எதிராளி அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா
கைகூப்பிட்டு ஆஜராவாரு,
நம்ம பேரு தெரியாட்டியும் அண்ணாங்கறாரு,
நானும் எந்திரிச்சு நிக்கறேன்.
அது ஏன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியலை.

ஊட்டுல துளசிமணி கடலைச் சட்னி அரைக்கறா.
அரசாங்க மிக்சி.
பன்னெண்டு வருசமாச்சு, ஒரு ரிப்பேர் கெடையாது;
அதச் சொல்லிச் சொல்லியே மானத்த வாங்கறா.
மிக்சி மேல ஒட்டியிருந்த மொகத்த
கொள்கைக்காகப் பிளேடு போட்டுச் சொரண்டுனேன்.
மொகம் போயிருச்சு.
கோந்து போகலை.
அதுல மாவு ஒட்டி, மஞ்சத்தூள் ஒட்டி,
இப்பப் பாத்தா
வேற யாரோ ஒருத்தர் மாதிரி இருக்குது.