கதைக்கப்பட்டது

அலுவலகக் கோப்பில் அவர் பெயர் முதலில் வருவது
தள்ளுபடியான ஒரு வேட்புமனுவில்.
எஸ். ரூபாவதி. பதின்மூன்றாவது வார்டு.
வயது முப்பத்தாறு. பச்சைத் தேயிலை பறிப்பவர்.
சொந்த ஊர் என்ற கட்டத்தில்
பண்டாரவளை என்று எழுதி அடித்து
முசிறி என்று எழுதி அடித்து
கட்டத்துக்கு வெளியே
'இங்கதான்' என்று எழுதியிருந்தார்.
அடித்தல் திருத்தல் செல்லாது என்றார் அதிகாரி.

நான் போடியிலிருந்து மாற்றலாகி
கோத்தகிரிக்கு வந்தவன்.
பதினாறு வருஷம். இரண்டு ஸ்வெட்டர்.
என்னை எந்த ஊர் என்று
டீக்கடையில்கூட யாரும் கேட்டதில்லை.

அடுத்த ஐந்து வருஷம்
வாக்காளர் பட்டியலை மடியில் செருகிக்கொண்டு
லைன் லைனாக நடந்தார்.
மாரியாயி மாரியப்பன் ஆகியிருந்தார்.
உயிரோடு ஏழு பேர் இறந்திருந்தார்கள்.
பிறந்ததே இல்லாத ஒருவர்
மூன்று தேர்தலாக வாக்களித்து வந்தார்.
ஒன்பது வயதில் தலைமன்னாரில்
குடும்ப அட்டையை நெஞ்சோடு பிடித்துக்
கப்பலுக்கு நின்ற பெண்.
காகிதத்திடம் அவருக்குப் பயமும் இல்லை
மரியாதையும் இல்லை.

கப்பல் ஏறி வந்தவளுக்குக் கஜானா சாவியா
என்று சுவரில் எழுதினார்கள்.
பேருந்து நிலையத்தில், மைக் இல்லாமல்,
மஞ்சள் சால்வையை இறுக்கிக்கொண்டு பதில் சொன்னார்:
"கப்பலுக்கு டிக்கெட் நான் கேக்கல.
ரெண்டு அரசாங்கமும் சேந்து
எண்ணி அனுப்புனாங்க.
எண்ணுனது சரியான்னு பாக்கத்தான் நிக்கிறேன்."

ஒன்பது ஓட்டு வித்தியாசம்.

முதல் கூட்டத்தில் எழுந்து
தண்ணியப் பத்திக் கதைக்கணும் என்றார்.
சிரித்தார்கள். கதை சொல்லும்மா என்றார் ஒருவர்.
நான் பதிவேட்டில் எழுதினேன்:
'குடிநீர் குறித்து உறுப்பினர் பேச விரும்பினார்.'
திங்கட்கிழமை வந்து
இலைக்கறை படிந்த விரலை வரியில் ஓட்டிப் படித்தார்.
"இது யாரு பேசுனது, தம்பி?"
நான் பேனாவை மூடினேன்.
பதிவேட்டுத் தமிழ் இப்படித்தான் அம்மா என்றேன்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
ஒருவேளை ஏதாவது சொல்லியிருக்கலாம்.

எண்பத்திரண்டு வீடுகளுக்கு ஒரே குழாய்.
அதுவும் கரடி வரும் பாதையில்.
விடியுமுன் குடத்தோடு போகும் பெண்கள்
தகரத்தைத் தட்டிக்கொண்டு போவார்கள்.
இதை ஐந்து கூட்டம் சொன்னார்.
ஐந்து முறையும் 'பரிசீலிக்கப்படும்' என்று எழுதினேன்.

ஆறாவது கூட்டத்தில்
சரிவில் ஒரு காட்டேஜ் கட்ட வரைபடம் வந்தது.
கை தூக்காதவர் அவர் ஒருவர்தான்.
தேநீர் இடைவேளையில்
தலைவர் அவரை ஜன்னலோரம் அழைத்தார்.
நான் வடைத் தட்டோடு நின்றிருந்தேன்.
திரும்பி வந்து கை தூக்கினார்.
அடுத்த மாதம் குழாய்ப் பாதைக்கு ஒப்புதல்.
"இதுக்குத்தான் அதுன்னு எழுதுங்க" என்றார்.
அப்படி எழுத இடமில்லை அம்மா.

ஐப்பசி மழையில் அந்தச் சரிவு இறங்கியது.
ஆள் சேதம் இல்லை.
ஒரு மாட்டுக்கொட்டகை,
நர்ஸம்மாள் வீட்டுச் சமையலறை.
எல்லோரும் மழையைச் சொன்னார்கள்.
அவர் மட்டும் மண்ணை வழித்துப் போட்ட கையோடு
எண்பத்திரண்டு கதவையும் தட்டி
நானும் கை தூக்கினேன் என்று சொல்லிவிட்டு வந்தார்.
ஓட்டுக் கேட்கப் போனபோதுகூட
இத்தனை வேகமாக நடந்ததில்லையாம்.

அடுத்த தேர்தலில் தோற்றார்.
குழாய்க்காகப் போட்டவர்கள் இருநூறு பேர்.
சமையலறைக்காகப் போடாதவர்கள் அதற்கும் மேல்.
நர்ஸம்மாள் யாருக்குப் போட்டார் என்று
யாருக்கும் தெரியாது.

பிறகு ஒருநாள்
வேறு ஏதோ தெருவிளக்குத் தீர்மானத்தில்
கை தானாக எழுதிவிட்டது:
'விரிவாகக் கதைக்கப்பட்டது.'
தணிக்கைக்கு வந்தவர்
சிவப்பு மையால் வட்டமிட்டு
பிழை என்று ஓரத்தில் எழுதினார்.
நான் திருத்தவில்லை. அடித்தல் திருத்தல் செல்லாது.

அவரை நேற்றும் பார்த்தேன்.
இலை மூட்டையோடு லாரிக்குக் காத்திருந்தார்,
எடை போடுகிறவனிடம்
இரண்டு கிலோவுக்கு வாதாடியபடி.

குழாயில் தண்ணீர் வருகிறது.
ஒருநாள் விட்டு ஒருநாள், காலை ஆறரைக்கு.