மேலே போகிறவள்

ஜுஃபைரில் ஒன்பதாம் மாடி.
குடியிருந்தவன் வாடகை பாக்கியோடு விமானம் ஏறிவிட்டான்.
"கண்ணாடித் தொட்டியில என்னமோ இருக்கு,
மருந்தடிச்சுட்டுப் போ" என்றார் காவலாளி,
வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு.

தொட்டிக்குள் செங்குத்தாக ஒரு கார்க் பட்டை.
பட்டைமேல் இன்னொரு பட்டையாக
அவள்.
விரித்தால் என் உள்ளங்கையைத் தாண்டும்,
சாம்பலும் கறுப்பும் பழைய மொசைக் தரைபோல.

ரசீதில் "ஒழிக்கப்பட்டது" என்று எழுதிக்
கையெழுத்து வாங்கினேன்.
பின்சீட்டில் வைத்து, பெல்ட் போட்டு,
குதைபியாவுக்குக் கொண்டுவந்தேன்.

நான் பூச்சி மருந்தடிப்பவன்.
சட்டைக் காலர்கூட விஷம்.
இரண்டு முறை குளிக்காமல் அந்த மூலைக்குப் போவதில்லை.
ஒரு நாளில் எத்தனை கரப்பான் கொல்கிறேனோ கணக்கில்லை,
அதில் ஒன்றையும் அவளுக்குத் தர முடியாது.
பல்லி, ஓணான் வளர்ப்பவர்கள் போகும் கடையில்
விஷம் படாத கரப்பானை
ஃபில்ஸ் எண்ணிக் கொடுத்து வாங்குகிறேன்.
சொன்னால் சூப்பர்வைசர் ஷிபு
இருமல் வரும்வரை சிரிப்பார்.
சொல்லவில்லை.

தொட்டியின் அடியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது.
இனம்: இந்தியா. பிறப்பு: ப்ராக்.
"அப்போ நம்மூர்க்காரியா?" என்றான் செய்யது.
இவள் இனம் நம் மலைகளில் மரப்பொந்தில் வாழ்வதுதான்.
இவளோ ஏதோ அலமாரியில்,
மாத்திரைக் குப்பிக்குள் வளர்ந்தவள்.
மரமென்று ஒன்றைப் பார்த்ததே இல்லை.
ஊர்ப்பாசமெல்லாம் எங்களுக்குள் கிடையாது.
தண்ணீர் மாற்றுவேன்.
அவள் பட்டைக்குப் பின்னால் போய்விடுவாள்.

ஆகஸ்ட், வெள்ளிக்கிழமை இரவு.
உரித்துப் போட்ட தோலை இடுக்கியால் எடுக்க
மூடியை நாலு விரல் திறந்தேன்.

ஓடினாள் என்று சொல்ல முடியாது.
ஓரிடத்தில் இருந்தாள், பிறகு வேறிடத்தில் இருந்தாள்.
நடுவில்
என் மணிக்கட்டு, முழங்கை, கழுத்து.

நாலு பேர் அறை.
மூன்று பேரும் பங்க் கட்டிலின் மேல்தட்டுக்குத் தாவினார்கள்.
"இறங்குங்கடா" என்றேன்.
"அவ மேலே போறவ."

ஏசிக்குப் பின்னால் ஒரு கால் நுனி மட்டும் தெரிந்தது.
"கடிச்சா?" என்றான் ஜெபராஜ்.
சாவு வராது, தசை முறுக்கும், ஒரு வாரம் ஆகலாம்.
"காலைல எனக்கு கிரேன் ஷிஃப்ட். உன் பையில மருந்து இருக்குல்ல?
அடி."

இருந்தது.
அந்த இடுக்கில் எந்தக் கோணத்தில் அடித்தால்
எத்தனை நொடி என்று
இந்தத் தீவில் என்னைவிடத் தெரிந்தவன் இல்லை.
பையின் ஜிப்பைக்கூடத் தொட்டேன்.

பிறகு பிரியாணி டப்பாவை எடுத்தேன். கூடவே
பணம் அனுப்பும் கடை கொடுத்த காலண்டரின் அட்டை.
ஏசியை அணைத்தோம்.
வியர்வை பனியனிலிருந்து பாய்க்குச் சொட்டியது.
ஒருவனும் வெளியே போகவில்லை, ஏன் என்று இன்றுவரை தெரியாது.

மூன்று மணிக்கு, குழாய் ஓரம் நின்றிருந்த
கடைசிச் சொட்டைக் குடிக்க வந்தாள்.
செய்யது நாற்காலியைப் பிடித்துக்கொண்டான், கண்ணை மூடி.
டப்பா நெருங்கியதும்
முன்கால் இரண்டையும் தூக்கினாள்.

அடியில் அப்படியொரு மஞ்சள்.

நரசய்யா தெலுங்கில் ஏதோ முணுமுணுத்தான்,
மந்திரம் என்று நினைத்தேன்.
அப்புறம் கேட்டதற்கு,
மஞ்சள் என்றுதான் சொன்னானாம்.

காலை எட்டு மணி, ரிஃபாவில் ஒரு வீடு.
சமையலறை சிங்க்குக்கு அடியில் குழாயை நீட்டினேன்.
"எல்லாம் செத்துடுமா?" என்று கேட்டாள் வீட்டுக்காரம்மா.
"எல்லாம்" என்றேன்.

கழுத்தில்
எட்டு இடத்தில்
இன்னும் யாரோ நடந்துகொண்டிருந்தார்கள்.