மணிக்கூண்டுக்குக் கீழே

மரிபோரிலிருந்து வியன்னா வழியாகப் பிராகுக்கு
ஒரு பகல் முழுக்க ரயில்.
யெர்னேய் அட்டவணை போட்டிருந்தான்,
கட்டம் போட்ட தாளில், மூன்று நிற மையில்:
காலை கோட்டை, மதியம் பாலம்,
நான்கு மணிக்குக் கடிகாரம்.
கழிவறைக்கும் ஒரு கட்டம் ஒதுக்கியிருந்தான்.
சிரித்தேன். பிறகு அது உதவியது.

கோட்டை வாசலோடு ஸாலா நின்றுவிட்டாள்.
'ஜன்னல் நம்ம வீட்லயும் இருக்கு' என்றாள்.
பதினான்கு வயது.
சீட்டு வாங்கியாகிவிட்டது என்று
யெர்னேய் இரண்டு முறை சொன்னான்,
இரண்டாம் முறை என்னைப் பார்த்து.

பாலத்தில் சிலைகள்.
சிலைகளின் காலடியில் காந்தம் விற்பவர்கள்.
காந்தங்களிலும் அதே சிலைகள்.
லெனார்ட் எதையும் பார்க்கவில்லை.
ஆடும் பல்லை நாக்கு நுனியால்
தள்ளித் தள்ளி நடந்தான்,
வாய்க்குள்ளேயே ஓர் ஊரைச் சுற்றிப் பார்ப்பவன்போல.

நான்கு அடிக்க இரண்டு நிமிடம்.
எள் விழ இடமில்லை என்பார்களே, அப்படி ஒரு கூட்டம்.
எல்லாக் கைகளும் தலைக்கு மேல்.
எலும்புக்கூடு கயிற்றை இழுத்தது,
உயரத்தில் இரண்டு சின்னக் கதவுகள் திறந்தன.
எள் விழ முடியாத அந்த இடத்தில்
ஒரு பல் விழுந்தது.

'அம்மா' என்றான். உதட்டில் ரத்தம், முகமெல்லாம் சிரிப்பு.
பிறகு வெறும் உள்ளங்கையைப் பார்த்தான்.
பிறகு அழுகை.

மேலே அப்போஸ்தலர்கள்
ஒவ்வொருவராய் எட்டிப் பார்த்துப் போக,
கீழே நாங்கள் முழங்காலில்.
பக்கத்தில் நின்ற கிழவர்
பக்தி என்று நினைத்தாரோ என்னவோ,
தொப்பியைக் கழற்றினார்.

கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே எத்தனை வெள்ளை!
சூயிங் கம், சிகரெட்டின் பஞ்சு,
ரொட்டியிலிருந்து உதிர்ந்த சர்க்கரை, புறா எச்சம்.
எதையும் பார்க்க மாட்டேன் என்ற ஸாலா
புதுக் கால்சட்டையோடு குப்புறப் படுத்து
கைபேசி விளக்கைத் தரையோடு தரையாகப் பிடித்தாள்.
'யாரும் காலை எடுக்காதீங்க' என்று
தெரிந்த மொழி, தெரியாத மொழி எல்லாவற்றிலும் கத்தினாள்.
மஞ்சள் குடையை உயர்த்திப் பிடித்திருந்த வழிகாட்டிப் பெண்
என்னவென்று பார்க்கக் குனிந்தாள்.
குடை தாழ்ந்தது.
குடையையே பார்த்துப் பழகிய முப்பது பேர்
தரையைப் பார்த்தார்கள்.

பொன்சேவல் கூவியது.
துருத்தியில் தூசு அடைத்ததுபோல ஒரு கரகரப்பு.
அதற்காகத்தான் அத்தனை தூரம் வந்தோம்.
கேட்டோம். பார்க்கவில்லை.

ஸாலாவின் வெளிச்சத்தில் பல் தெரிந்தது,
விரல் நுழையாத இடுக்கில், அரிசிமணி அளவில்.
யெர்னேய் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்தான்,
நான்காய் மடித்தான், முனையை உள்ளே விட்டு
நெம்பினான்.
அந்தத் தாளிலேயே பல்லைப் பொட்டலம் கட்டினான்.
படகுச் சவாரி, கண்ணாடிக் கடை,
எட்டு மணிக்கு வாத்துக்கறி
எல்லாம் ஒரு பால்பல்லைச் சுற்றிக்கொண்டு
அவன் பையில் கிடந்தன.
யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.
ஆற்றங்கரையில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் தின்றோம்,
இருட்டும்வரை.

பல் போனால் சொல் போச்சு என்பது சுத்தப் பொய்.
அன்றிரவு லெனார்டின் வாய் ஓயவில்லை.
எங்கள் ஊரில் பல்லை வாங்க வருவது சுண்டெலி.
அதுக்கு இந்த ஹோட்டல் தெரியுமா?
தெரிஞ்சாலும் எப்படி வரும்?
வியன்னால வண்டி மாறணுமே, அதுக்குத் தெரியுமா?

நான் வாய் திறக்குமுன்
இருட்டிலிருந்து யெர்னேய் சொன்னான்:
'கிராட்ஸ்ல ராத்திரி வண்டி பிடிச்சா
மாற வேண்டாம்.
விடியறதுக்குள்ள வந்துடும்.'

எதிர்க் கட்டிலில் ஸாலா
போர்வைக்குள் சிரித்தது கேட்டது.

எல்லாரும் தூங்கிய பின் பர்ஸைத் துழாவினேன்.
யூரோ ஒன்றுகூட இல்லை.
இருபது கொருனாவை வைத்தேன்.
காலையில் அவன் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
'பாவம், மாத்திட்டு வந்திருக்கு' என்றான்,
புதிதாய்த் திறந்த வாசல் வழியே
காற்று வந்துபோக.